தலையணையோடு வந்தவள்

ஆகஸ்ட் 20, புதன்

காலையிலேயே புழுக்கம். மதுராந்தகத்தில் இறங்கி அக்கா ஊருக்கு டவுன் பஸ். கையில் ஒரு பை, கக்கத்தில் என் தலையணை. கழுத்து வலிக்கு அந்த இலவம்பஞ்சுத் தலையணை இல்லாமல் ஆகாது.

வேலை: வார இதழ்த் தொடர்கதையின் கடைசி அத்தியாயம். வெள்ளிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மாலதி புருஷனிடம் திரும்ப வேண்டும். "சுபமா முடிங்க மேடம்" என்று ஆசிரியர் உத்தரவு. தாம்பரம் வீட்டில் எழுதி எழுதிக் கிழித்தாயிற்று. அக்கா வீட்டில் ஓய்வாக உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நினைப்பு. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "ம்" என்றார்.

அக்கா வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தலையணையைப் பார்த்தாள்.

"இன்னாடி, நீ மட்டும் வந்துகீற?"

"எழுதுற வேலை இருக்குக்கா."

"சரி சரி. மொதல்ல சாப்டு."

கருவாட்டுக் குழம்பு, முட்டைப் பொரியல். தட்டு காலியாகவே விடவில்லை.

மத்தியானம் பம்ப்செட் கொட்டகை. கயிற்றுக் கட்டில், வேப்பமரக் காற்று. சொர்ணவாரிப் பருவ நெல் அறுப்பு முடிந்து ரோடு முழுக்க வைக்கோல். இதைவிட என்ன வேண்டும்? எழுதியது ஒரு வரி. "மாலதி பெட்டியை எடுத்தாள்." அடித்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். வரப்பில் நடந்தேன். திரும்ப வந்து அதே வரியை எழுதினேன். மறுபடி அடித்தேன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளாத சமாசாரம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெயில். பேனா கசிகிறது.

எதிர்வீட்டுப் பச்சையம்மா சுண்டைக்காய் கொடுக்க வந்தாள். நான் உள்ளே இருப்பது தெரியாமல் அக்காவிடம்:

"துணி மட்டும் எட்தாந்தா ரெண்டு நாள்ல பூடும். தலகாணிய தூக்கிகினு வந்துகீதுன்னா சும்மாவா? தங்கத்தான் வந்துகீது."

"எழுத வந்தேன்றாளே."

"இன்னா எழுதுறா? நாள் பூரா மோட்டுவளைய பாத்துகினு கீறா."

அது உண்மைதான்.

பொறுக்கவில்லை. வெளியே போய், "கழுத்து வலி! கழுத்து வலிக்குத்தான் தலகாணி!" என்று கத்தினேன். பச்சையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அப்டித்தாம்மா வலிச்சுது. ஆறு மாசம் எங்கம்மா வூட்ல இருந்தேன்." சுண்டைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் மாமா, அக்கா வீட்டுக்காரர், சைக்கிளில் போய் வந்தார். பூனை பால் குடித்த முகம்.

"கோச்சிக்காதம்மா. எஸ்டிடி பூத்துலருந்து ஒரு போன் போட்டேன். சகலை நாளைக்கு வர்றாரு."

மாமாவையே திட்டிவிட்டேன். எங்களுக்குள் சண்டையே இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து சண்டை போடுமளவுக்குக்கூட நாங்கள் பேசுவதில்லை. அவருக்கு டிவி. எனக்குச் சமையல் மேடை ஓரத்தில் எழுத்து. "இன்னும் முடியலையா?" என்பார். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

இங்கே வந்ததிலிருந்து வீட்டை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது. பயமாக இருக்கிறது. தலையணையைக் கழுத்து வலிக்காகத்தான் எடுத்து வந்தேனா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

காலை பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் மிக்சர், மல்லிகைப்பூ. அக்காவுக்கும் மாமாவுக்கும் திடீரென்று வயலில் வேலை. கொட்டகைக் கட்டிலின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார்.

"மாமா ஏதோ உளறிட்டாரு. எனக்குக் கழுத்து வலி, அதான்..."

"அவரு போன் பண்றதுக்கு முன்னாடியே லீவு சொல்லிட்டேன்." வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புதன்கிழம படுக்க வந்தா பக்கத்துல தலகாணி இல்ல. நேத்தே கெளம்பியிருப்பேன். வந்து கேக்க பயமா இருந்துச்சு."

கேஸ் சிலிண்டரைத் தவிர எதற்கும் பயம் என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. அழுகை வந்தது. கூடவே எரிச்சலும். இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருக்கலாம் என்றார். ரொம்ப நேரம் பேசினோம். பாதி சண்டை. இப்போது போடுவதற்குச் சண்டையாவது இருக்கிறது.

"கதை முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப இரு. முடிச்சுட்டு வா."

சாப்பிட்டதும் கிளம்பினார். அக்கா முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தாள். மனிதர் உள்ளே போனார். என் தலையணையை எடுத்து இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு?"

"இது வூட்லயே இருக்கட்டும்."

"என் கழுத்து?"

"பொடவைய மடிச்சு வெச்சுக்க."

ஒரு கையில் முருங்கைக்காய், ஒரு கையில் தலையணை. தெருவே பார்த்தது. பச்சையம்மா சத்தமாக, "தலகாணி பூட்ச்சு. இனிமே கவல இல்ல" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு எழுந்திருக்காமல் எழுதினேன். பேனா கசிந்ததும் தெரியவில்லை. அத்தியாயம் முடிந்தது. மாலதி திரும்பவில்லை. வாசல்வரை வந்த புருஷனை உட்காரச் சொல்லி, பேசச் சொன்னாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆசிரியர் திட்டட்டும். தபால் நேரம் தாண்டிவிட்டது, நேரில்தான் கொடுக்க வேண்டும்.

மடித்த புடவை நழுவுகிறது. கழுத்து தாங்கவில்லை. காலையில் முதல் பஸ்.