எட்டாவது ஓட்டு

அன்பு மகள் சசிரேகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். போனில் பேசினால் பக்கத்து லயன் வீடு வரைக்கும் கேட்கும், அதனால்தான் கடிதம். பனி இன்னும் விடவில்லை, அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. நான் பேரூராட்சித் தலைவர் ஆனது உனக்குத் தெரியும், எப்படி ஆனேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். போன தேர்தலில் நம் வார்டு உனக்குத்தான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த கட்சிச் செயலாளர் பொன்னுத்துரை, மனு கொடுக்கும் கடைசி நாளில் தன் மனைவி சுகந்தியை நிறுத்தினாரே, அன்று கட்சி ஆபீஸ் வாசலில் அவர் சொன்னதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு நாற்காலி எதுக்குங்க, கூட்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வரட்டும், அது போதும் என்றார். பதினெட்டு வருஷம் அந்தக் கட்சிக்குக் கொடி கட்டினவள் நான். அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதே, இதற்குப் பதில் கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த முறை சுகந்தி பக்கத்து வார்டில் நின்று ஜெயித்தாள், நான் நம் வார்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தேன். மொத்தம் பதினைந்து உறுப்பினர், பொன்னுத்துரை கட்சிக்கு ஏழு, எதிர்க்கட்சிக்கு ஏழு, நடுவில் நான். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுகந்தியைத் தலைவராக்க பொன்னுத்துரை சால்வையும் பழக்கூடையுமாக நம் வீட்டுக்கே வந்தார். ஏனுங்க அக்கா, பழசை மனசுல வெச்சுக்காதீங்க என்றார். கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அன்னைக்குச் சொன்ன அந்தப் பழசை இவங்க காதுபடச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம் என்றேன். ஞாபகம் இல்லை என்று போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தார், அதே பெண்கள் முன்னால் ஞாபகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல் விடாமல் சொன்னார், அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. சரிங்க, போயிட்டு வாங்க என்றேன். ஓட்டுப் போடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை, அவராக நினைத்துக்கொண்டார். தேர்தல் அன்று எதிர்க்கட்சிக்காரர்கள் என் பெயரை முன்மொழிந்தார்கள், அவர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். எட்டுக்கு ஏழு. வெளியே சுகந்திக்கு வாங்கிய ரோஜா மாலையோடு நின்ற மனுஷன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இனித்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஒன்றுதான் குத்துகிறது. சுகந்தி என் கையைப் பிடித்து, இனி எங்கூட்டுக்காரரு என்னைக் கூட்டத்துக்கே விடமாட்டாருங்க அக்கா என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இத்தோடு விட்டுவிடு என்கிறார் அப்பா. விடுவதாக இல்லை. திங்கட்கிழமை முதல் கூட்டம். சுகந்தி வராவிட்டால் ஆட்டோ பிடித்து பொன்னுத்துரை வாசலுக்கே போவேன், அவர் பார்க்கப் பார்க்க அவளை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே. மே மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஆபீஸில் கையெழுத்துக்குக் கீழே பதவியும் எழுதச் சொல்கிறார்கள், உனக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டாம்.

உன் அம்மா,
மூக்கம்மா