எதிரில் ஒரு தட்டு

மார்ச் 4

மேலே விண்வெளி நிலையத்தில் இருக்கிற மூன்று பேரில் மீசைக்காரருக்கு — இந்த நோட்டில் அவர் வெறும் மீசை — இன்னும் எடை இறங்கியிருக்கிறது. எடையே தெரியாத அந்த இடத்தில் ஸ்பிரிங் நாற்காலியில் ஆடவிட்டுத்தான் எடை பார்க்கிறார்கள். கருவி பொய் சொல்லுமோ என்று மறுபடி ஆடச் சொன்னேன். அதே கதைதான். தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி வேறு. உள்ளே எதுவும் போகாவிட்டால் உடம்பு சதையைத்தான் தின்னும், பின்னாலேயே எலும்பும் இளைக்கும். கீழே இருந்து அவர்கள் சாப்பாட்டைக் கவனிக்கிற நான் கேட்டால், "எல்லாம் சாப்பிட்டேன் மேடம், அருமை" என்கிறார். அருமையாம்! உப்பைக் குறைத்து, கால்சியத்தைக் கூட்டி நான் போட்ட சூப்பை நானே அருமை என்று சொல்லமாட்டேன்.

மார்ச் 7

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் மேலே போகிற கலம் திரும்புவதற்குள் எடை ஏறாவிட்டால், மீசையை அதிலேயே கீழே இறக்கிவிடுவார்கள். வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்த மனுஷன். மறுபடி யார் அனுப்பப் போகிறார்கள்? காரம் கூட்டிப் பார்த்தாயிற்று, புளிப்பு சேர்த்துப் பார்த்தாயிற்று. அங்கே முகத்தில் நீர் ஏறி மூக்கு அடைத்துக்கொள்ளும், ருசி தெரியாது — சரி. மற்ற இரண்டு பேருக்கும் அதே மூக்கடைப்புதானே? அவர்கள் மட்டும் வளைத்துக் கட்டுகிறார்களே?

மார்ச் 8

மகள் போன் செய்தாள். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு." ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

மார்ச் 10

மீசையின் மனைவி என் அறைக்கு வந்தாள். "அவருக்குத் தனியா சாப்பிடவே தெரியாது மேடம். நான் வர லேட்டானா, சமைச்சு வச்சிட்டு பட்டினியா உட்கார்ந்திருப்பாரு."

அவள் போனதும் வேலை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். இவர் சாப்பிடும் நேரத்தில் மற்ற இருவரும் தூக்கம். மடச்சி நான். தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை மாற்ற முடியாது, யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்றார் திட்டத் தலைவர். ஆனால் சாப்பாட்டு விசாரணைக்கென்று எனக்குத் தினமும் அரை மணி நேரம் வீடியோ இணைப்பு உண்டு.

மார்ச் 11

டிபன் டப்பாவைத் திரைக்கு முன்னால் திறந்தேன்.

"என்ன மேடம், ஆபீஸ் நேரத்துல?"

"இதுதான் என் ஆபீஸ் வேலை. நீங்க வாயைத் திறங்க."

சிரித்த சிரிப்பில் ஒரு சொட்டு சூப் மிதந்து போய் மீசையில் ஒட்டிக்கொண்டது. பொட்டலம் காலி!

மார்ச் 14

காலையில் எழுந்து சமைக்கிறேன். நானா இது? அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே எதையோ போட்டுக்கொண்டு கிளம்புகிறவள். காதல் கத்தரிக்காய் எல்லாம் ஒன்றும் இல்லை. எதிரே ஒருவர் மென்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 18

எடை இறங்கவில்லை. ஏறவும் இல்லை. என் முன்னால் மரியாதைக்குச் சாப்பிடுகிறார். கொடுத்ததை முடிப்பார், மேற்கொண்டு ஒரு வாய் கிடையாது. "வீட்ல அவ அள்ளி அள்ளிப் போடுவா மேடம். நான் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே தின்னுடுவேன்" என்றார். குடும்பத்தோடு பேச அவருக்கு வாரம் ஒரு முறைதான்.

மார்ச் 19

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை.

மார்ச் 20

இன்னைக்கும் செய்யலை. ஏன்டி? அரை மணி நேரம். அதுவும் இன்னொருத்தி புருஷன் கூட. அந்த ஆளு பொழப்பே இதுல தொங்குது, நான் என்னடான்னா நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள்னு — சீ. அழுகையா வருது.

மார்ச் 21

என் நேரத்தை மனைவிக்குக் கொடுக்கும்படி, சிகிச்சை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என் சாப்பாட்டு டப்பா உள்ளேயே தங்கிவிட்டது. ஒரே சிரிப்புச் சத்தம். போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. பிஸ்கட் தின்றேன்.

மார்ச் 30

ஏறிவிட்டது! கலம் மீசை இல்லாமலே திரும்புகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கு நீங்களும் வாங்க, மூணு பேரா சாப்பிடலாம்."

"வேலை கிடக்கும்மா" என்றேன். ஒரு வேலையும் இல்லை. அந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் எதற்கு?

மார்ச் 31

கேன்டீனில் ஜன்னலோர மேஜை. பாதிக்கு மேல் இறங்கவில்லை. மேஜை துடைக்கிற அம்மா தட்டை எடுக்க வந்தார்.

"கொஞ்சம் உட்காருங்களேன்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, துணியை மடித்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. நான் தட்டைக் காலி செய்யும்வரை எழுந்திருக்கவும் இல்லை.