பேட்டரி வண்டி வந்துவிட்டது, பாய்

பாய்,

காலையில் சக்கரத்தின் கீழ் நசுங்கிய எலுமிச்சம்பழ வாசம் இன்னும் நம் குடோனில் நிற்கிறது. நீங்கள் கேட்ட பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வந்துவிட்டது. பழத்தை நான் வைத்தேன். உங்கள் பங்குக்குப் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பியதும் நான்தான். என் உச்சரிப்பைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

இதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? லாரி நிற்கிற வாசல் முழுக்க ஜல்லியும் பள்ளமும். பெரிய டயர் போட்ட டீசல் வண்டிதான் தாங்கும், கரண்ட் போனாலும் கவலையில்லை என்பது என் கட்சி. நீங்கள் அசையவே இல்லை. "மல்லி மூட்டையில டீசல் வாசம் ஏறுச்சுன்னா, குழம்பு வைக்கிறவுக நம்மளத்தான் திட்டுவாக மாப்ள" என்பீர்கள்.

எனக்கு உள்ளூர எரிச்சல்தான். நாம் இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்குமுன் வேறொருவர் குடோனில் வேலை பார்த்தபோது, டீசல் வண்டியை ஓட்டியவர் நீங்கள்தானே? அந்தப் புகைக்கு ஒருநாளும் முகம் சுளித்தவரில்லை. மூட்டை அடுக்குகளின் இடுக்கில் நீங்கள் வண்டியை வளைத்துத் திருப்புவதைப் பார்க்க, ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர்கள் டீ கிளாஸோடு வந்து நிற்பார்கள். பிறகு சர்க்கரை உங்கள் இடது காலில் கை வைத்தது. விரல்களை எடுத்தார்கள். பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்று ஒருமுறை சொன்னீர்கள், உடனே பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

மதுரைக்கு வண்டி பார்க்கப் போனோம். விற்பனைக்காரர் எத்தனை டன் தூக்கும், எவ்வளவு உயரம் போகும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். புது மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நான் கிண்டல் செய்தேன்.

கடைசியில் மல்லி வாசத்துக்காக இறங்கி வந்தேன். ஆனால் சின்னச் சக்கரம் ஜல்லியில் ஓடாது, வாசலுக்கு சிமெண்டுத் தளம் போட்ட பிறகே வண்டி என்றேன்.

"உள்ளுக்குள்ள மட்டும் ஓட்டுவமே மாப்ள. தரை வழவழன்னுதான இருக்கு" என்றீர்கள்.

அரைகுறையாக எதற்கு, எல்லாம் முடியட்டும் என்றேன். நியாயமான பேச்சுதான். மழை பிடித்துக்கொண்டது, கொத்தனார் இழுத்தடித்தார். தளம் முடிவதற்குள் நீங்கள் மவுத்தாகிவிட்டீர்கள். பேகம்பூரில் உங்களைத் தூக்கிச் சென்றபோது நானும் தோள் கொடுத்தேன்.

இன்று நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் குனிந்து பார்த்ததைப் போலக் குனிந்தேன். பழைய டீசல் வண்டியில் இடது கால் கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் கிளட்ச் இல்லை. வலது காலுக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும். இடது கால் சும்மா இருந்தால் போதும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, பாய். வண்டியைக் கொண்டுவந்து இறக்கிய லாரி டிரைவரிடம் கண்ணில் தூசி என்றேன். மல்லியும் குழம்பும் பேசிய வாய், திரும்பவும் ஓட்ட ஆசையாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

போட்டு முடித்த இந்த வாசல் தளம் இனி எதற்கு என்று நினைத்துக்கொள்கிறேன். உள்ளே தரை அன்றைக்கே வழவழப்பாகத்தான் இருந்தது. மல்லி மூட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு சுற்று, நீங்கள் ஓட்டியிருக்கலாம்.