ஆடாத தண்ணீர்

ஜனவரி 9, ஞாயிறு

இன்றும் நகத்துக்குள் கரி. வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பாய்லரோடு மல்லுக்கட்டுகிறேன். ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுப்போம் என்றால், வாசலில் அண்ணன் ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கிறான். "கிளம்பலையா இன்னும்?" என்னவோ நான்தான் எட்டு வருஷத்துக்கு முன் அந்த நீராவி எஞ்சினைத் துருப்பிடித்த கோலத்தில் கண்டுபிடித்தேன் என்பதுபோல!

எனக்கு ரயில் பைத்தியம் கிடையாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கே சொன்னாலும் சண்டை வருகிறது. அதைப் பழுதுபார்க்கும் எங்கள் மன்றத்தில் பதினோரு பேர். மருந்துக்கடை வைத்திருக்கும் என் அண்ணன்தான் தலைவன். பாய்லர் சான்றிதழ் உள்ளவர் ஒருவர் நிற்காமல் அந்த எஞ்சினில் ஒரு தீக்குச்சி கிழிக்கக்கூடாது என்பது சட்டம். பதினோரு பேரில் அந்தச் சான்றிதழ் என்னிடம் மட்டும். அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

ரயில் அலுவலகத்துக் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் அதிகாரி முன்னால் பதினாலு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். வந்தால் ஞாயிறுதோறும் ஓட்ட அனுமதி. இல்லையென்றால் எஞ்சினை எடுத்துக்கொண்டு போய்ப் புது வணிக வளாகத்து வாசலில் நட்டுவிடுவார்கள், அலங்காரத்துக்கு. அண்ணன் கடிதத்தை மூன்று தரம் படித்தான். மூன்று தரமும் "நட்டுவிடுவார்கள்" வரும்போது குரல் உடைந்தது.

ஜனவரி 16, ஞாயிறு

பதினோரு பேர் சேர்ந்தால் பன்னிரண்டு கட்சி. இன்று எஞ்சின் கொட்டகையில் பெரிய ரகளை.

பாலிஷ் ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், பித்தளையைப் பார்த்தால் துடைக்காமல் இருக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். "ஓட்டவே வேண்டாங்க. ஓட ஓடத் தேயும். துடைச்சு அழகா வெச்சுப்போம்" என்றார். பல் டாக்டர் ஒருவர், எப்போதும் படம் பிடிப்பதால் அவர் பெயர் கேமரா; எஞ்சின் எப்படியிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, புகை வந்தால் போதும். "நல்லா கறுப்பா, வானம் மறையிற மாதிரி வரணும் சிஸ்டர்." மூலையில், டீசல் என்று நாங்கள் கூப்பிடுபவர் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்கு டீசல் எஞ்சின்களின் எண்கள்தான் உலகம். "என் எஞ்சின் ஒரு பட்டன்ல கிளம்பும். உங்க மகாராணிக்கு நாலு மணி நேரம் வெந்நீர் போடணும்" என்றார். அண்ணன் கையில் ஸ்பேனர் இருந்தது. நல்லவேளை, எறியவில்லை.

என்னைக் கேட்டார்கள். "எனக்கு ஆவின்னா போர்வை வெளுக்கிற ஆவிதான். பத்திரமா இருந்தா சரி" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல.

"நீ பாக்கிறது துணி வெளுக்கிற பாய்லர். இதுக்கு உயிர் இருக்கு" என்றான்.

என் பாய்லருக்கு இல்லையாமா?

ஜனவரி 30, ஞாயிறு

கொட்டகைக்கு வெளியே இருநூறு அடி போய் வந்தோம். அண்ணன் அழுதான். நானும் கொஞ்சம் கலங்கினேன், கரித்தூள் என்று சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

ஒரு விஷயத்தை அண்ணனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே நிற்கும் அந்தச் சாண் உயரக் கண்ணாடிக் குழாய்தான் சாட்சி. சின்ன எஞ்சின், அதனால் ஒரே ஒரு குழாய். தண்ணீர் குறைந்து அடுப்பின் மேல்தகடு காய்ந்தால் தகடு இளகும், அப்புறம் மொத்தமும் வெடிக்கும். அதனால் தினமும் வேலை தொடங்குமுன் கண்ணாடியைக் கழுவ வேண்டும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, உள்ளே நிற்பதை வெளியே விட்டு, புதுத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பது. பதினேழு வருஷமாக ஒரு ஷிப்ட் தவறாமல் செய்கிறேன். பல் துலக்குவதுபோல.

"சரி சரி, டீச்சரம்மா" என்றான். காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

கேமராவோடு சண்டை. கறும்புகை வந்தால் கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம், சலவைக்கூடத்தில் அப்படி வந்தால் எனக்கு மெமோ கொடுப்பார்கள் என்றேன். "சிஸ்டர், வெறும் வெள்ளைப் புகைய எவன் பாப்பான்?" என்கிறார். அண்ணன் அவர் பக்கம். படம் நாலு பேர் கண்ணில் பட்டால் அதிகாரி மறுக்க முடியாதாம்.

எல்லாரும் ஒரே எஞ்சினைத்தான் நேசிக்கிறோம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கொரு எஞ்சின் மனதில் ஓடுகிறது. கொட்டகையில் நிற்பதை நான் ஒருத்திதான் பார்க்கிறேனோ?

பிப்ரவரி 20, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் அடுப்பு மூட்டினேன். கண்ணாடியில் முக்கால் அளவு தண்ணீர். சூடு ஏற ஏறப் பாலிஷ் உள்ளே புகுந்து எல்லாப் பித்தளையையும் துடைத்தார். பின்னால் மாட்டிய மூன்று பெட்டிகளில் மன்றத்துக் குடும்பங்கள் ஏறின, எட்டு மணிக்கு அதிகாரியும் வந்து ஏறினார். நான் கண்ணாடியைக் கழுவக் கை நீட்டினேன். கேமரா கீழேயிருந்து கத்தினார்: "ஐயோ சிஸ்டர், இப்ப ஆவி விட்டீங்கன்னா லென்ஸ் மூடிக்கும். ரெண்டே நிமிஷம்!" அண்ணனும், "அவர் வந்துட்டாரு, கிளம்பலாம் வா" என்றான்.

கையை எடுத்துவிட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு மேடு. அதைத் தாண்டினால் இறக்கம். கேமரா முன்னமே காரில் போய் அங்கே நின்று கையைக் காட்டினார். புகை போதவில்லையாம், பின்னால் போய்த் திரும்ப வர வேண்டுமாம். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் பின்னால் போய் வந்தான். ஒரு தரம். இன்னொரு தரம். நான் குனிந்து குனிந்து கரி வாரிப் போட்டேன். வெளியே கைதட்டல். "கண்ணாடியப் பாரு! இவ்வளவு ஏறியும் தண்ணியே குடிக்கல நம்ம பொண்ணு" என்று அண்ணன் சிரித்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். முக்கால். காலையில் இருந்த அதே முக்கால், ஒரு நூல் கூடவும் இருந்தது. தண்டவாளம் அந்த உலுக்கு உலுக்குகிறது, என் பல்லெல்லாம் ஆடுகிறது. கண்ணாடியில் தண்ணீர் மட்டும் ஆடவில்லை. சுவரில் மாட்டிய படம் மாதிரி நிற்கிறது.

உயிருள்ள தண்ணீர் ஆடும். ஆடாத தண்ணீர் பாய்லருடையது இல்லை.

கீழே பார்த்தேன். பாய்லரிலிருந்து கண்ணாடிக்கு வரும் வழியின் கைப்பிடி. தொங்கினால் திறந்திருக்கிறது, படுத்தால் மூடியிருக்கிறது. படுத்திருந்தது. கண்ணாடியின் வடிகுழாயைத் திறந்தேன், இருந்தது வடிந்து போயிற்று. அதை மூடிவிட்டுக் கைப்பிடியைத் தொங்க விட்டேன். தண்ணீர் ஏறவில்லை. ஒரு சொட்டு ஏறவில்லை. முன்னால் மேட்டின் உச்சி. தாண்டினால் எஞ்சின் முன்பக்கம் சாயும், மிச்சத் தண்ணீரும் பின்பக்கத்து அடுப்பை விட்டு முன்னால் ஓடிவிடும்.

"நிறுத்து!"

"இன்னும் அம்பது அடிதான், உச்சி வந்துடும் —"

"அண்ணா, நிறுத்துடா!"

அவனை டா போட்டுக் கூப்பிட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நிறுத்தினான். காய்ந்த தகட்டில் இப்போது தண்ணீர் பட்டாலும் வெடிக்கும்; நெருப்பை அணைக்க மணல் வாளியை எடுத்து அடுப்புக்குள் கொட்டினேன். இரண்டாவது வாளி. அண்ணன் என் கையைப் பிடித்தான். "பைத்தியமா நீ? அவர் பாத்துட்டு இருக்காரு! எட்டு வருஷம்டி!" தள்ளிவிட்டுவிட்டு மூன்றாவதையும் கொட்டினேன். நாற்பது பேர் பெட்டியில். அவன் மகளும்தான் உட்கார்ந்திருந்தாள்.

டீசல் எஞ்சின் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனது. டீசல் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நோட்டில் நேரத்தை எழுதிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

பிப்ரவரி 21, திங்கள்

அண்ணன் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

எஞ்சின் ஆறிய பிறகு அளந்தார்களாம். அடுப்பின் தகட்டுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் இருந்ததாம். அண்ணி போனில் சொன்னாள். பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: "ரெண்டு விரல் இருந்துச்சு! ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொல்லு அவகிட்ட!"

சமதரையில் இரண்டு விரல். உச்சியைத் தாண்டிச் சாய்ந்திருந்தால்? வெடித்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். வெடிக்கவில்லை, அதனால் நான் காரியத்தைக் கெடுத்தவள். என்ன நியாயம் இது!

பிப்ரவரி 27, ஞாயிறு

மன்றக் கூட்டம். போயிருக்கவே கூடாது. "அவங்களுக்கு ஆரம்பத்துலயே ஆர்வம் கிடையாது" என்றார் கேமரா. இதே மனுஷர்தான் லென்ஸ் மூடிக்கும் என்று கத்தியவர். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவளுக்கு அதப் புடிக்காது. புடிச்சிருந்தா இன்னொரு வழி பாத்திருப்பா" என்றான்.

பாலிஷ் முகத்தில் ஈயாடவில்லை, ஏன் என்று புரியவில்லை.

மார்ச் 3, வியாழன்

பாலிஷ் சலவைக்கூடத்துக்கே வந்தார். போர்வை மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு தொப்பியைக் கசக்கினார்.

"அக்கா, அந்த வரிசையில மத்த கைப்பிடி எல்லாம் படுத்திருந்துச்சு. அது ஒண்ணு மட்டும் தொங்கிட்டு இருந்துச்சு. பாக்க நல்லா இல்லேன்னு துடைச்சுட்டு நேராக்கி வெச்சேன்."

அட கடவுளே. அழகுக்கு!

எழும்பிய கோபத்தில் ஒன்று கேட்டேன்: "ஓடக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க?" அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. "என் பொண்டாட்டியும் அந்தப் பெட்டியிலதான் இருந்தா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனிடம் சொல்லட்டுமா? சொன்னால் என் பெயர் மீளும். ஆனால் அண்ணன் இவரைச் சும்மா விடமாட்டான். இன்னொன்று — யார் எதைத் திருப்பியிருந்தாலும், காலையில் கண்ணாடியைக் கழுவியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அது என் வேலை. லென்சுக்காக விட்டேன். அதிகாரி காத்திருக்கிறாரே என்று விட்டேன். பாலிஷ் கைப்பிடியைத்தான் திருப்பினார். பார்க்காமல் விட்டது நான்.

மார்ச் 6, ஞாயிறு

அண்ணன் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை இருமல் மருந்து அலமாரியருகே நின்றேன். என் பங்கை மட்டும் சொன்னேன். "அன்னைக்கு நான் கண்ணாடிய கழுவல அண்ணா. கைப்பிடி மூடியிருந்ததக் காலையிலயே கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்மேல."

"அப்போ உன்னாலதான்."

"ஆமா."

"இதச் சொல்லவா வந்த?"

"ஆமா."

திரும்பிக்கொண்டு மாத்திரை அட்டையைக் கத்தரித்தான். யாரும் கேட்காத மாத்திரை. நான் வந்துவிட்டேன். வழியில் அழுதேன். இதில் வெட்கம் என்ன, அழுதேன்.

மார்ச் 15, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. இரண்டே வரி. ஓட்டம் முழுமையடையவில்லை, அனுமதி இல்லை.

மார்ச் 27, ஞாயிறு

எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. அண்ணி சொன்னாள்: கேமரா முந்நூறு படம் எடுத்தாராம். டீசல், லாரியின் எண்ணைக்கூட எழுதாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். பாலிஷ் மட்டும் வரவில்லையாம். அவர் ஆசைப்பட்டபடிதான் ஆயிற்று, இனி அது ஓடாது, தேயாது. ஆனால் தன் கடைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாராம்.

ஏப்ரல் 3, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு விழித்துவிட்டேன். ஹாரன் சத்தம் இல்லை. இவ்வளவு நாள் கேட்ட ஓய்வு கிடைத்துவிட்டது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

மதிய ஷிப்ட் தொடங்கும்போது வாசலில் அண்ணன். ஸ்கூட்டரை நிறுத்தினான், ஹாரன் அடிக்கவில்லை. பதினேழு வருஷத்தில் நான் வேலை செய்யும் இடத்துக்கு அவன் வந்ததே இல்லை.

"பாலிஷ் நேத்து கடைக்கு வந்தாரு" என்றான். "எல்லாம் சொன்னாரு. அவர் உன்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொன்னதையும்."

நான் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டேன்.

"அவர ரெண்டு திட்டு திட்டிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்." ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ ஏன் சொல்லல?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தான்.

என் பாய்லரைச் சுற்றி வந்தான். பித்தளை ஒன்றும் கிடையாது, சாம்பல் நிறப் பெயிண்ட், சூடு போகாமலிருக்க மேலே சுற்றி உரிந்துபோன துணி, பக்கத்தில் அழுக்குப் போர்வை வண்டிகள். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். பாதி அளவு தண்ணீர், அடுப்பின் உறுமலுக்கு ஏற்பத் துள்ளிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆடுது" என்றான்.

"ஆடும். எப்பவும் ஆடும்."

"என் மக அன்னைக்கு மூணாவது பெட்டியில இருந்தா." குரல் உடைந்தது. கடிதம் படித்தபோது உடைந்த அதே இடத்தில் இல்லை, வேறு எங்கேயோ. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஷிப்ட் நேரம், கழுவ வேண்டும். கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"நான் பண்ணட்டுமா?" என்றான்.

எந்தக் கைப்பிடி முதலில் என்று காட்டினேன். திறந்தான். ஆவி சீறி வெளியேறி அவன் மூக்குக்கண்ணாடி முழுதும் மூடிக்கொண்டது. துடைக்கவில்லை. கண்ணாடிக் குழாய் காலியாயிற்று. வடிகுழாயை மூடினான். இருவரும் குழாயின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் ஏறி வந்தது.