பதினாறு வரைக்கும்

பிப்ரவரி 4, 1934. ஹெல்வான்

காலையிலிருந்து வகுத்தல்தான். அப்பாவுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதே அதற்காகத்தான். அவர் சொல்ல, நான் கணக்குப் போடுகிறேன்.

வியாழனின் பெரிய நிலாக்களில் உள்பக்கத்து மூன்றும் ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் சுற்றுகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்தது. மற்ற நிலாக்களுக்கும் இப்படியொரு முழு எண் கணக்கு உண்டு என்கிறார் அப்பா. இன்று யுரேனஸின் வெளி நிலாக்கள் இரண்டு. ஒன்றிலிருந்து ஏழு வரை எல்லா எண்களையும் பார்த்தும் பொருந்தவில்லை என்றேன்.

"பதினாறு வரைக்கும் போ, மகளே. பொருந்தும்."

ஒன்பதுக்குப் பதினான்கு. பொருந்திவிட்டது.

பிப்ரவரி 7

இருபத்தொரு நிலா ஜோடியில் பதினைந்து பொருந்தின! நூற்றில் ஒரு பங்கு பிசகுக்குள். அப்பா மொச்சையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11

மலைமேல் வானாய்வகத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ரஸ்மி எஃபெந்தி வந்தார். அப்பாவை இன்னும் ஆபீஸ் மரியாதையோடு 'எஃபெந்தி' என்றே கூப்பிடுகிறார். இருபத்திரண்டாம் தேதி கெய்ரோ அறிவியல் சங்கத்தில் அப்பா பேச ஏற்பாடு.

"இது எடுபட்டுடுச்சுன்னா கணக்குப் பிரிவுல உங்களத் திரும்ப எடுத்துப்பாங்க, வஹீத் எஃபெந்தி. கணக்குக்குக் கண்ணு எதுக்கு? அதான் பொண்ணு இருக்கே." பிறகு என்னிடம், "ஏம்மா, வாயில எண்ணு மட்டுந்தான் வருமா?"

கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

பதினாறு வரை போனால் எதுதான் பொருந்தாது? — இந்தக் கேள்வி நான்கு நாளாக விடவில்லை.

அப்பா தொழுகைக்குப் போன நேரத்தில் தராசை எடுத்தேன். வெங்காயம், கத்தரிக்காய், பூட்டு, அம்மாவின் மரச்செருப்பு… ஏழு பொருள்களின் எடை, இருபத்தொரு ஜோடி.

"செருப்ப எதுக்குடி நிறுக்கிற? சமைக்கப் போறியா?" என்றாள் அம்மா.

பதினாறு ஜோடி பொருந்தின. நிலாக்களைவிட ஒன்று கூடுதல்.

பிப்ரவரி 18

"அப்பா" என்றேன்.

"என்ன, இன்ஸாஃப்?"

"டீ வேணுமா?"

பிப்ரவரி 21

இன்றும் சொல்லவில்லை. அம்மா அவருடைய கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டாள். சொன்னால் செத்துப் போவார். சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 22

கெய்ரோவுக்கு நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். அப்பா ஒரு தாள்கூட இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டினார்கள். பிறகு நரைத்த ஒருவர் எழுந்து மரியாதையாகவே கேட்டார்: "நிலாவ விட்டுட்டு வேற ஏதாவது எண்கள வெச்சு இதே மாதிரி பாத்தீங்களா?"

"என் மக பாக்காத கணக்கே கிடையாது" என்றார் அப்பா. "சொல்லும்மா."

அத்தனை முகங்களும் திரும்பின. பொய் சொல்லக்கூட எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

"பாத்தேன். இருபத்தொண்ணுல பதினாறு பொருந்துச்சு."

"எத வெச்சு?"

"வெங்காயம்… அப்புறம் அம்மாவோட செருப்பு."

சிரித்தார்கள். ரஸ்மி எஃபெந்தியும்தான். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அப்பா நடுவில் நின்றார்.

ரயில் மஆதி ஸ்டேஷனைத் தாண்டியதும் அப்பா கேட்டார்: "எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வெள்ளிக்கிழம."



பிப்ரவரி 25

ரஸ்மி எஃபெந்தி வரவில்லை. கணக்கும் இல்லை. திட்டினாலாவது தேவலை.

மார்ச் 3

அப்பா மணி கேட்டார். நாலரை என்றேன்.

பிறகு அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அம்மாவிடமும் மணி கேட்டார்.