ரெண்டு ஞாயிறா வராத குறிப்பு

வெள்ளிக்கிழமை, இரவு.

பெங்களூரில் வேலை முடிந்து மாலை ரயிலில் எங்கள் ஊரான கோரமண்டலில் வந்து இறங்கினேன். தாஸ் அண்ணனின் லேப்டாப்பைப் புடவைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு, அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஸ்டேஷனில் நின்றிருந்தார்.

"ரெண்டு ஞாயிறா வரலப்பா. இன்னா கோளாறுன்னு பாரு."

அண்ணன் இறந்து நாலு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டர் குழுவுக்குக் குறிப்புகள் எழுதிச் சேர்த்து, ஞாயிறுக்கு ஒன்றாகத் தானே போகும்படி ஒரு நிரலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு லினக்ஸ் தெரியாது. சர்ச்சிலிருந்து வந்ததும், அவர் பெயரில் ஏதோ வந்திருப்பதைப் போனில் பார்ப்பார். அதற்காகவே லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருந்தார்.

லேப்டாப்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, நிரல் ஓடிய விவரம் பதிவாகும் லாக்கைப் படித்தேன். டிஸ்க் நன்றாக இருக்கிறது, நெட்டும் சரி. இரண்டு ஞாயிறும் நிரல் சரியான நேரத்துக்கு ஓடியிருக்கிறது. அடுத்த குறிப்பைத் தேடியிருக்கிறது. இல்லையென்றதும் நின்றிருக்கிறது. அண்ணன் எழுதிவைத்த குறிப்புகள் அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அக்கா போன் செய்தார். "சரியாயிடுச்சா?"

"ஆயிடும்க்கா. இந்த ஞாயிறு வரும்."

என் வாய் எப்போதும் இப்படித்தான், முந்திக்கொள்ளும்.

இப்போது இந்த ஞாயிறுக்கான குறிப்பை நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் எல்லாக் குறிப்பையும் ஒரே வரியில்தான் தொடங்குவார்: "பயப்படாதீங்க, மொதல்ல லாக்கைப் பாருங்க." அதை டைப் செய்துவிட்டேன். அடுத்த வரி வரவில்லை.

லாக்கைப் பார்த்துட்டேன் அண்ணா. ஒரு எரர்கூட இல்ல.