கன்னத்தில் கைக்குழி

மார்ச் 3, செவ்வாய்

எழுபத்திரண்டு சட்டை தேய்த்தேன். நடுவில் நூலகத்து அம்மா கடைக்கே வந்துவிட்டார். போன மாதம் துணியும் தாளும் ஒட்டி நான் செய்த தபால்காரர் முகத்தைப் பார்த்தாராம். இந்தத் தெருவில் உழைக்கிறவர்களின் முகம் பத்து, நூலகச் சுவரில் மாட்டப்போகிறார்கள். "ஒண்ணு உங்களோடது. இருபதாம் தேதி கைக்கு வந்துடணும்" என்றார்.

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நூலகத்துக்குப் போகிறேன், அதுவும் நேரே சுவருக்கு.

யார் முகம் என்று யோசிக்கவே வேண்டாம். அண்ணிதான். இந்தத் தையல்கடையே அவர் கத்திரியில்தான் ஓடுகிறது. அண்ணன் காஜா போடுகிறான், நான் இஸ்திரி போடுகிறேன், அண்ணி எங்கள் இருவரையும் வறுத்தெடுக்கிறார்.

மார்ச் 4

உட்கார மாட்டாராம். "தினம் பாக்குற உங்களுக்கே என் மூஞ்சி அலுத்துப்போச்சு. சுவத்துல வேற மாட்டணுமா?"

"அலுக்கல அண்ணி, பயந்துதான் போயிருக்கோம்."

இஞ்ச் டேப்பால் முதுகில் ஒன்று விழுந்தது. அடிக்கும்போது புருவம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். போதும்.

மார்ச் 8, ஞாயிறு

நிறம் கிடைத்துவிட்டது. வெட்டுமேஜைக்கு அடியில், கழிவுக் கூடைக்குப் பின்னால், நாலைந்து பழைய பழுப்புத் தாள்கள். கைபட்டுக் கைபட்டு வழவழப்பாக, அப்படியே அண்ணியின் தோல். ஓரத்தை மட்டும் வெட்டி, இஸ்திரிப் பெட்டியை லேசாக அழுத்தினேன். மூன்று எண்ணினால் கன்னத்து நிழல், ஐந்து எண்ணினால் தாடைக்கு அடி, ஏழு எண்ணினால் தீயணைப்பு வண்டி. இந்த வித்தையை எந்த ஓவியனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே பிடித்தது.

ஒட்டுவதற்குச் சட்டைக்குப் போடும் கஞ்சிதான். தாளில் பென்சில் கோடும் ஊசித்துளையும் இருந்தன. கண்ணோரச் சுருக்கத்துக்குத் தோதாக இருக்கவே அப்படியே விட்டேன்.

மார்ச் 9

மூக்கு மூன்று தடவை தப்பு. நாலாவது அண்ணி மூக்கு.

மார்ச் 14, சனி

முடிந்தது. முடிக்குக் கறுப்பு நூல் கழிவு, நடுவே பதினோரு வெள்ளை நூல். கண் மட்டும் மையால் வரைந்தேன். பொத்தான் வைத்தால் பொம்மை ஆகிவிடும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான். "அவதான்டா. இப்ப ஏதோ கேக்கப் போறா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

மார்ச் 16, திங்கள்

செத்தேன்.

பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி வந்தது. துணிமேல் வைத்து வெட்டுகிற மாதிரித்தாளை அண்ணி தேடினார். பழுப்புத் தாள். மேஜையிலிருந்து நழுவி எங்கோ விழுந்திருக்கிறதாம்.

எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியுமே.

சாதாரணத் தாளா அது? கை வந்து இணைகிற கைக்குழியின் வளைவு அப்படி, பிள்ளைகள் கையைத் தூக்கினாலும் சட்டை மேலே ஏறாது. மூணு வருஷம் திருத்தித் திருத்தி அண்ணி கண்டுபிடித்த வெட்டு. வேறு நகல் கிடையாது. வியாழக்கிழமை துணி வெட்டியாக வேண்டும்.

படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். வேறென்ன செய்ய? அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குனிந்து, விரலால் தன் கன்னத்தைத் தடவினார், படத்தில் இருக்கிற கன்னத்தை.

"இது கைக்குழி."

"ஆமாண்ணி."

"நெத்தியில காலர்."

"கஞ்சிதான் அண்ணி. தண்ணியில போட்டா பத்து நிமிஷத்துல பிரிஞ்சுடும்." அண்டாவில் தண்ணீர்கூடப் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் படத்தை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.

அண்ணி வெள்ளை நூலை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நரை ஏன் இத்தனை வச்சே?"

"குறைச்சுத்தான் அண்ணி வச்சேன்."

"தண்ணிய செடிக்கு ஊத்து."

மார்ச் 17

அண்ணி தன் முகத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துக் கோடு கோடாகப் படியெடுத்தார். கன்னத்திலிருந்து கை, நெற்றியிலிருந்து காலர், தாடையிலிருந்து முதுகு. ஒரு துண்டு மட்டும் நூல் முடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தோள். பிய்க்கட்டுமா என்றேன். கையைத் தட்டிவிட்டார். கண்ணை மூடினார், திறந்தார், டேப்பைத் தொடாமல் ஒரே இழுப்பில் வளைவைப் போட்டார்.

போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா தாள்ல இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மார்ச் 18

மாதிரிச் சட்டை தைத்தாயிற்று. பள்ளி டீச்சர் ஒரு சிறுமிக்குப் போட்டுப் பார்த்தார். சிறுமி இரண்டு கையையும் தூக்கினாள். சட்டை அசையவில்லை. அண்ணி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த முகத்தைப் பார்க்காமல் ஏற்கெனவே ஒட்டிவிட்டேனே என்று வருத்தமாகப் போய்விட்டது.

மார்ச் 20, வெள்ளி

மாட்டினார்கள். மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்தில், கீழே என் பேர். விரல் வைத்து ஆறு தடவை படித்தேன். ஆறு தடவையும் என் பேர்தான்.

ஒருவர் கேட்டார், கன்னத்தில் அந்தக் கோடெல்லாம் என்ன என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "அது நான் போட்டது. மீதி அவன் போட்டான்."

மார்ச் 24, செவ்வாய்

காலையில் கடையைத் திறந்தால் என் மேஜைமேல் பழுப்புத் தாள் ஒரு கட்டு. பயந்துபோய்த் தள்ளி வைத்தேன்.

"பயப்படாதே, எல்லாத்துக்கும் நகல் எடுத்தாச்சு. உங்க அண்ணன் மண்டைக்கு ரெண்டு தாளாவது ஆகும்" என்றார் அண்ணி.

அண்ணன் ஏற்கெனவே முக்காலியில் உட்கார்ந்திருந்தான், சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு. கொஞ்சம் சிரி என்றேன்.

"வேணாம். அப்புறம் யாருன்னே தெரியாது" என்றார் அண்ணி.

இஸ்திரிப் பெட்டி சூடேறிக்கொண்டிருக்கிறது.